ஏழரை மணி அம்மா

ஜனவரி 19, திங்கள்

மேல் வீட்டுக் கதிர்வேல் சார் இன்று காலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஏழரை மணிக்கு வரும் ‘தேன்மலர் இல்லம்’ சீரியலுக்கு வசனம் எழுதுபவர். இத்தனை நாளாகப் படிக்கட்டில் ஒரு தலையசைப்போடு சரி.

“புதுசா ஒரு ட்ராக் ஆரம்பிக்கிறோம் மேடம். மாலினியோட பொண்ணு மின்னுவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. டிஸ்லெக்சியா. எனக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. உங்க பொண்ணுக்கும்…” என்று நிறுத்தினார்.

மாமாதான் சொல்லியிருப்பார். என் மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். எதைச் சொன்னாலும் கடைசி சீட் வரை கேட்கும்படிதான் சொல்வார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு யோசிக்க வேறு விஷயம் இருக்கிறது. பொங்கலுக்கு அரியலூர் போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் வைத்து என் நாத்தனார் பூங்கோதை அண்ணி கேட்டார்: “ஏன் வசு, தனுவை ஒரு வருஷம் எங்கிட்ட விடேன். எங்க ஸ்கூல்லயே இந்த மாதிரி நாலு பிள்ளைங்க இருக்கு. நான் பாத்துக்கறேன்.” அவர் தலைமையாசிரியை. பிள்ளை இல்லாதவர். நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் சத்யா சொல்லிவிட்டார்: “முழுப்பரீட்சை வரைக்கும் பாப்போம்க்கா. அதுக்குள்ள தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கோர்வையா ஒரு பக்கம் வாசிச்சுட்டாள்னா இங்கேயே இருக்கட்டும். இல்லன்னா ஜூன்ல உங்கிட்டதான்.”

நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. கல்லூரியில் இரண்டாமிடம். என் எட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லித்தர எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் எட்டில் நடக்கும் தமிழ்ப் பரீட்சை வரை எண்பது நாள் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

மின்னு ட்ராக் ஆரம்பித்துவிட்டது. வகுப்பில் எல்லாரும் சிரிக்கிறார்கள். மின்னு அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, சுவர் முழுக்கக் கரியால் ஒரு மயில் வரைகிறாள். அதைப் பார்த்துப் பெரிய ஓவியர் ஒருவர் காரை நிறுத்துகிறார். மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர்.

“பாத்தியாம்மா? இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு உள்ள ஏதாவது ஒண்ணு இருக்கும். நாமதான் கண்டுபிடிக்கணும்.”

மறுநாளே ஒரு பெட்டி கிரேயான் வாங்கி வந்தார். தனு ஒரு மயில் வரைந்தாள். வாளிக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. பிறகு செஸ் போர்டு. குதிரையை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். பாட்டு டீச்சர் ஒருமுறை கேட்டுவிட்டு, “இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்” என்றார்.

ஒன்றும் இல்லை. என் பெண்ணுக்குள் மயில் இல்லை. படிக்க வராத ஒரு சாதாரணக் குழந்தை. இதை எந்த சேனலும் காட்டாது.

ஜனவரி 28

அதனால்தான் கதிர் சாரிடம் பேசினேன். “நீங்க காட்டறது பொய் சார்” என்று ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ‘கொ’ எழுதும்போது கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் பிரித்துப் போடுவது தனுவுக்குப் பிடிபடுவதே இல்லை. “வாயில பின்னாடி வர்ற சத்தத்தை ஏம்மா முன்னாடி எழுதணும்?” என்று கேட்பாள். படம் பார்த்து யூகித்துச் சொல்வாள். கொக்கு படம் போட்டு ‘பறவை’ என்று எழுதியிருந்தாலும் கொக்குதான். நேற்று வந்த வார்த்தை இன்று வராது. அந்த ‘நேற்று வந்தது’தான் நம்மைக் கொல்லும். வேண்டுமென்றே செய்கிறாள் என்று தோன்றிவிடும்.

அவர் குறுக்கே பேசவில்லை. செல்போனில் பதிவு செய்துகொண்டார். நான் பேசுவதை உட்கார்ந்து முழுதாகக் கேட்ட ஆள் இந்த வீட்டில் இதுவரை யாரும் இல்லை.

பிப்ரவரி 4

மின்னு கேட்டாள்: “வாயில பின்னாடி வர்ற சத்தத்தை ஏம்மா முன்னாடி எழுதணும்?”

மாமா துள்ளிவிட்டார். “அச்சு அசலா நம்ம தனுக்குட்டி!” தனு டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

வியாழக்கிழமைதான் ரேட்டிங் வருமாம். கதிர் சார் கையில் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்.

“குழந்தை செட் ஆயிடுச்சு மேடம். இப்ப அம்மாதான் பிரச்னை. மாலினி மூணு வாரமா அழறா. ஜனங்களுக்குச் சலிச்சிடும். அம்மாங்க அழறதைத் தவிர வேற என்ன பண்ணுவாங்க?”

எனக்கு என்ன தெரியும் என்றேன். பிறகு, தனுவைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் சென்டருக்கு ஒரு அம்மா வருவார், வில்லிவாக்கம், அவர் சொல்வார் என்றேன். அந்த அம்மா சாயங்காலம் பிள்ளைக்குத் தட்டில் டிபன் வைப்பாராம். ஒரு வரி சரியாகப் படித்தால் ஒரு வாய். தப்பு வந்தால் தட்டு ஒரு சாண் தள்ளிப்போகும். மறுபடி தப்பு வந்தால் இன்னொரு சாண்.

கதிர் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மேசை விளிம்பு வரைக்குமா?”

“விளிம்பு வந்துட்டா எடுத்து ஃபிரிட்ஜுல வச்சிடுவாங்களாம்.”

“கெட்டவங்களா?”

“இல்ல சார். பயம். வேற வழி தெரியாத பயம்.”

அதையும் எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 17

தட்டு எபிசோட். கேமரா தட்டின் மேலேயே இருந்தது. ஒரு சாண். இன்னொரு சாண். பின்னால் வயலின். எதிர் வீட்டு லலிதா அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார்.

“இவ எல்லாம் ஒரு பொம்பளையா?” என்று மாமா டிவியைப் பார்த்துக் கத்தினார். “என் பஸ்ஸுல ஏறியிருந்தா நடு ரோட்டுல இறக்கி விட்டிருப்பேன்!”

“பெத்தவளுக்கு எப்படி மாமா மனசு வரும்? இதெல்லாம் கதைக்காகப் பண்றது. நெசத்துல யார் செய்வா?” என்றார் லலிதா அக்கா.

“யாரும் செய்யமாட்டாங்கக்கா” என்றேன்.

தனு தரையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இன்று சரியாகச் சாப்பிடவில்லை. சட்னி உறைப்பு அதிகமாகிவிட்டது.

பிப்ரவரி 20

மாமா கேட்கிறார்: “ஏம்மா, நான் வாக்கிங் போயிட்டு வந்ததும் புள்ள பிஸ்கட் பிஸ்கட்னு பறக்குதே, நீ நாலு மணிக்கு ஒண்ணும் குடுக்கறதில்லையா?”

வளரும் வயது என்றேன்.

பிப்ரவரி 27

சென்டரில் ஸ்பெஷல் டீச்சர் சொன்னார்: “அவசரப்படாதீங்க. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். மணல்ல எழுத விடுங்க. குழந்தை சிரிச்சுக்கிட்டே படிக்கணும்.” எனக்கும் தெரியும். அவர் சொல்வதையெல்லாம் நானும் படித்திருக்கிறேன், அவரை விட அதிகமாகவே. ஆனால் ஜூன் மாதம் அவருடைய குழந்தையை அரியலூருக்கு யாரும் கேட்கவில்லை.

மாமா நாலரைக்குப் போனால் ஆறுக்குத்தான் திரும்புவார். சத்யா வர எட்டாகும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்களுடையது. இப்போது முறையை மாற்றியிருக்கிறேன். பலன் தெரிகிறது. ‘எறும்பும் மழையும்’ பாடத்தில் எட்டு வரி தடங்கலில்லாமல் வருகிறது.

மார்ச் 5

படுக்கை நனைந்திருந்தது. மூன்றாம் முறை.

மார்ச் 9

தனுவுக்குப் புதிதாக ஒரு பழக்கம். குளியலறைக்குப் போனால் மாமா வெளியே நிற்க வேண்டும். சுவிட்சில் கை வைத்துக்கொண்டே நிற்க வேண்டும். கதவைத் தாழிடவும் விடமாட்டாள். “தாத்தா, இருக்கியா?” “இருக்கேன்டி தங்கம்.” “சுவிட்சைப் புடிச்சிருக்கியா?” “ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கேன். போதுமா?” மாமாவுக்கு இது விளையாட்டு. விசில் அடித்து “ரைட் ரைட்” என்பார்.

“பயந்த சுபாவம், உன்னை மாதிரி” என்றார் சத்யா. இந்த வயதில் பிள்ளைகளுக்கு இருட்டுப் பயம் வருவது இயல்பு. இணையத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

மார்ச் 18, புதன்

தட்டு எபிசோடுக்குப் பிறகு ரேட்டிங்கில் மூன்றாம் இடமாம். மாலினியாக நடிக்கும் பெண்ணைக் கோயிலில் யாரோ கையைப் பிடித்து இழுத்துத் திட்டினார்களாம். கதிர் சார் சந்தோஷமாகச் சொன்னார்.

“அந்த வில்லிவாக்கம் அம்மா இப்ப என்ன பண்றாங்க மேடம்?”

சொன்னேன். அந்த அம்மா இப்போது பிள்ளையைக் குளியலறையில் நிறுத்திக் கதவை வெளியே தாழ் போட்டுவிடுகிறாராம். பாடத்தைச் சொல்லி முடித்தால் திறப்பார். வெளியே எதைப் பார்த்தாலும் பிள்ளைக்குக் கவனம் சிதறுகிறது, உள்ளே சிதறுவதில்லை என்று அவர் நினைக்கிறார்.

“குழந்தை கத்துமா?”

“முதல் ரெண்டு நாள் கத்தும். அப்புறம் உள்ள இருந்தே சொல்ல ஆரம்பிச்சிடும்.”

“அந்த அம்மா வெளிய நின்னு அழுவாங்கல்ல?”

அழுவார்கள் என்று அவராகவே எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது, “அந்த அம்மாவை நான் நேர்ல பாக்கலாமா?” என்றார். முடியாது என்றேன். “பரவாயில்ல மேடம். பாத்த மாதிரிதான் இருக்கு” என்றார்.

மார்ச் 26

பத்து பாடமும் வருகிறது. பத்தும்! தனு புத்தகத்தைப் பிரித்து, விரலை வைத்து, “மழை வருவதற்கு முன்னால் எறும்புகள் வரிசையாகச் சென்றன” என்று மணி மணியாகச் சொல்கிறாள். இன்னும் சத்யாவிடம் சொல்லவில்லை. அண்ணி ஏப்ரல் முதல் வாரம் இங்கே ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். அவர் முன்னால் வைத்தே வாசிக்கச் சொல்லலாம்.

ஏப்ரல் 3, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

அண்ணி காலையில் வந்துவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் நானே தனுவை அழைத்து, “அத்தைக்குப் படிச்சுக் காட்டு” என்றேன். தனு சோபாவில் அண்ணிக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ‘எறும்பும் மழையும்.’ ஒரு வரி, இரண்டு வரி, விரல் நகர்ந்தது, குரல் தடுக்கவே இல்லை. சத்யா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் எல்லார் முன்னாலும் அவர் அப்படிச் செய்தது முதல் முறை.

பக்கம் முடிந்தது. மாமாதான் உற்சாகத்தில் அவளுக்காகப் பக்கத்தைப் புரட்டினார். எச்சில் தொட்டு, டிக்கெட் கிழிக்கிற வேகத்தில். இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது.

தனு நிறுத்தவில்லை. அடுத்த பாடத்தின் கப்பல் படத்துக்குக் கீழே விரலை வைத்து, எறும்புகள் அரிசி சுமந்து போனதை அதே ராகத்தில் சொல்லிக்கொண்டே போனாள். அண்ணி குனிந்து கப்பல் படத்தைப் பார்த்தார். அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரலை இன்னும் உயர்த்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடைசி வரி வரை சொல்லி முடித்தாள்.

“யாருடா செல்லம் இப்படிச் சொல்லிக் குடுத்தது?” என்றார் அண்ணி, மிகவும் மெதுவாக.

“அம்மா.”

“எங்க உக்காந்து படிச்சீங்க?”

தனு என்னைப் பார்த்தாள். “வீட்டுலதான்” என்றாள்.

சத்யா கையை எடுத்துவிட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

சண்டையில்லை. சத்யா சண்டை போடுகிறவர் அல்ல. “பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசலாம்” என்றார். அது போதும். இன்னும் பேச இடமிருக்கிறது. நான் பெற்ற குழந்தை. மனப்பாடம் செய்யவைத்தது குற்றமா? இந்த நாட்டில் யார் செய்யவில்லை? லீவை நீட்டி இங்கேயே தங்கியிருக்கும் அண்ணியிடமே சொன்னேன். “தப்பில்ல வசு. நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்க. அது மட்டும் தெரியுது” என்றார். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப்பார் என்று அவரே தம்பியிடம் சொல்வதாகவும் சொன்னார். நல்லவர். நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன்.

அதனால் இப்போதைக்குத் தனு எங்கும் போகவில்லை. இங்கேதான் இருப்பாள். என்னோடு.

ஏப்ரல் 8, புதன்

தமிழ்ப் பரீட்சை. தெரியாத பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்களாம். தனு கண்ணை மூடிக்கொண்டு எறும்புகளைச் சொன்னாளாம்.

அதே நாள், பிறகு

ஏழரைக்கு எல்லாரும் கூடத்தில் இருந்தோம். மாமா, இன்று சீக்கிரமே வந்துவிட்ட சத்யா, அண்ணி, நான். தனு அண்ணியின் மடியில். சேனலை மாற்றலாம் என்று இரண்டு முறை சொன்னேன். “இன்னிக்குப் பெரிய சீன்னு கதிரு சொன்னாப்ல” என்று மாமா ரிமோட்டைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மாலினி மின்னுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் தள்ளிக் கதவைத் தாழிட்டாள். இடி முழக்கம். உள்ளே மின்னு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து விசும்பிக்கொண்டே பாடம் சொன்னாள்: “மழை வருவதற்கு முன்னால் எறும்புகள் வரிசையாகச் சென்றன.”

நான் கதிர் சாரிடம் பாடத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எங்கள் குளியலறைக்கு நேர் மேலேதான் அவர் வீட்டுக் குளியலறை.

“அடிப்பாவி! சண்டாளி!” என்று மாமா எழுந்தே விட்டார். “பச்சப் புள்ளைய இருட்டுல போட்டு… இவ கை வெளங்குமா?”

“இருட்டு இல்ல தாத்தா” என்றாள் தனு. “லைட்டு எரியுது பாரு. தப்பா எடுத்துட்டாங்க. லைட்டை அமத்திடணும்.”

திரையில் மாலினி கதவில் சாய்ந்து, வழுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்தி அழுதாள்.

“இதுவும் தப்பு” என்றாள் தனு. கோபமில்லை. குறையும் இல்லை. ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கிற குழந்தையின் குரல். “உள்ள வாளியில உக்காரக் கூடாது, நிக்கணும். வெளிய அம்மா அழ மாட்டாங்க. சத்தம் கேக்காம இருக்க மிக்ஸி போடுவாங்க.”

அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. சோப்பு விளம்பரம். ஒரு அம்மாவும் குழந்தையும் நுரையை ஊதி விளையாடினார்கள். யாரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. தனு மட்டும் அதை ரசித்துப் பார்த்தாள்.

அண்ணி அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மாமா என்னைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துத் திட்டிய வாய் அப்படியே திறந்திருந்தது.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தேன். பொங்கவில்லை.

ஏப்ரல் 9

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தைகூட. மாமா குளியலறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிக்கொண்டிருந்தார். நான்கு திருகாணியையும் கொண்டு வந்து என் முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 11, சனி

ஜூன் வரை காத்திருக்கவில்லை. இன்று பயணம். தனுவின் பையில் துணி அடுக்க நான் போனேன். “அத்தை அடுக்கிட்டாங்க” என்றாள்.

“அங்க பாத்ரூமுக்கு சுவிட்ச் எங்க அத்தை இருக்கும்?” என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உள்ளயேதான்டா. உனக்கு எட்டற மாதிரி ஒரு ஸ்டூல் போட்டுடுவோம்.”

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வரை நானும் போனேன். போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. மாமா நடத்துநரிடம் போய், “என் பேத்தி தம்பி, பாத்துக்கோங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். தனு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். மாமாவுக்குக் கை காட்டினாள். அப்பாவுக்குக் காட்டினாள். நான் கம்பிக்குப் பக்கத்தில் போய், “அம்மாவுக்கு?” என்றேன். உடனே, பயந்து, பாடம் மறந்துபோனவள் போல அவசர அவசரமாகக் காட்டினாள். எத்தனை தடவை காட்ட வேண்டும் என்று தெரியாமல் காட்டிக்கொண்டே இருந்தாள். நான்தான் போதும் என்றேன்.

பஸ் திரும்பியபோது அவள் அண்ணியின் மடியில் தலை வைத்திருந்தாள். அழவில்லை.

ஏப்ரல் 14

சத்யா போனில் தனுவோடு பேசினார். நான் கையை நீட்டினேன். “தூங்கிட்டா” என்றார். காலை மணி பத்தரை.

ஏப்ரல் 21, செவ்வாய்

மாமா இப்போது ஏழரைக்கு வாக்கிங் போகிறார். டிவி அணைந்தே கிடக்கிறது.

மதியம் கதிர் சார் வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று, செல்போனை எடுத்துக்கொண்டார். குளியலறை எபிசோட் முதல் இடமாம். இனி மாலினி திருந்தியாக வேண்டும், சேனலில் சொல்லிவிட்டார்கள். ஆனால் எப்படித் திருந்துவாள் என்றுதான் பிடிபடவில்லை.

“அந்த வில்லிவாக்கம் அம்மா அப்புறம் என்ன ஆனாங்க மேடம்?” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தபடி கேட்டார்.

கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை.

“குழந்தையை அவங்க நாத்தனார் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“ஐயோ. பஸ்ஸிலயா, ரயில்லயா?”

“பஸ்.”

“கிளம்பும்போது குழந்தை?”

“ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, அம்மா அம்மான்னு கத்துச்சு சார். கையைப் பிரிக்கவே முடியல. பஸ் நகர்ந்த பிறகும் கேட்டுதாம். அம்மாகிட்டதான் இருப்பேன்னு.”

அவர் விரல்கள் வேகமாக ஓடின.

“அந்த அம்மா?”

“அவங்க அழல.”

கதிர் சார் நிறுத்தினார். “அழலைன்னா ஜனங்க நம்ப மாட்டாங்க மேடம்” என்றார்.

சரி, அழுததாகவே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.